தீர்ப்பை அழிக்கும் சட்டங்களும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 140 அடியை நெருங்கும் பருவங்களில், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பைத் தமிழ் நாளேடுகள் நினைவூட்டுவது வழக்கம். 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்ற ஒரு வரியோடு அந்த நினைவூட்டல் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் அதே 142 அடியை உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரி 27 அன்றே அனுமதித்திருந்தது. ஒருமுறை அனுமதித்ததை மறுபடியும் அனுமதிக்க எட்டு ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்வியைப் பற்றியே இக்கடிதம். கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்பவன் என்பதால் எனக்கு இதில் சார்பே இல்லை என்று சொல்லமாட்டேன். இருப்பினும் இந்தக் கேள்வி ஓர் அணையோடும் ஒரு மாநிலத்தோடும் முடிவதன்று.

அணையின் வரலாறு தங்கள் வாசகர்களுக்குப் புதிதன்று. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பென்னிகுவிக் பொறுப்பில் நடந்த கட்டுமானம் 1895இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 152 அடி. 1979இல் அணையின் உறுதி குறித்துக் கேரளத்தில் அச்சம் எழுந்தபோது, பலப்படுத்தும் பணிகள் முடியும்வரை என்ற ஏற்பாட்டில் மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. மத்திய நீர்வள ஆணையத்தின் ஆலோசனைப்படி அணையின் மேல் கான்கிரீட் பூச்சும், உள்ளே இரும்புக் கம்பி நங்கூரமும், பின்புறத்தில் கான்கிரீட் தாங்கலும் அமைக்கப்பட்ட பிறகும் அந்த 136 அடி அப்படியே நீடித்தது. ஆறு அடி என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். தேக்கும் நீரின் அளவில் அது சுமார் ஒன்றரை டி.எம்.சி.; கம்பம் பள்ளத்தாக்கின் ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக நிலத்துக்கும், அதற்குக் கீழே மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வரையிலான ஒருபோகப் பாசனத்துக்கும் தண்ணீர் எப்போது திறக்கப்படும், எத்தனை நாள் ஓடும் என்பதை முடிவுசெய்யும் அளவு அது.

2006 பிப்ரவரித் தீர்ப்பு வந்த பத்தொன்பதாவது நாளான மார்ச் 18 அன்று, கேரளத்தின் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கான திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான அணைகள் என்ற ஓர் அட்டவணையை அத்திருத்தம் உருவாக்கி, முல்லைப் பெரியாற்றை அதில் சேர்த்து, அதன் உயர்ந்தபட்ச மட்டம் 136 அடி என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. உச்ச நீதிமன்றம் 142 என்றது. சட்டமன்றம் 136 என்றது. அதே மாத இறுதியில் தமிழ்நாடு அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தில் அசல் வழக்கு, அதாவது அரசுகளுக்கு இடையிலான தாவாவை நேரடியாக அங்கேயே தொடங்கும் வழக்கு, தொடர்ந்தது. 2010 பிப்ரவரியில் ஐவர் அமர்வு, முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் அதிகாரம் பெற்ற குழு ஒன்றை அமைத்தது. குழுவின் அறிக்கை 2012 ஏப்ரலில் வந்தது. தீர்ப்பு 2014 மே மாதம் வந்தது. அணையின் மட்டம் 142 அடியைத் தொட்டது 2014 நவம்பரில்.

தீர்ப்பின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை குறைசொல்ல அதிகமில்லை. 1886 ஒப்பந்தம் ஒரு சமஸ்தானத்துடனான உடன்படிக்கை என்பதால் 363ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதைத் தொடக்கூடாது என்ற வாதத்தையும், இது நதிநீர்ப் பங்கீட்டுத் தாவா என்பதால் 262ஆம் பிரிவு தடுக்கிறது என்ற வாதத்தையும் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையிலான அமர்வு ஏற்கவில்லை. அணை உறுதியாக இருக்கிறது என்பது 2006இல் இரு மாநிலங்களையும் கேட்ட பின் நீதிமன்றம் கண்ட முடிவு. அதே இரு தரப்புக்கும் இடையே தீர்க்கப்பட்டுவிட்ட ஒன்றைத் தோற்ற தரப்பு தன் சட்டமன்றத்தின் வழியாகத் திருப்பி எழுத முடியாது. அவ்வாறு எழுதுவது அதிகாரப் பிரிவினையையும் சட்டத்தின் ஆட்சியையும் மீறுவதாகும் என்று சொல்லி அத்திருத்தத்தை முல்லைப் பெரியாறு அளவில் செல்லாததாக்கியது. மூவர் மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது.

எனக்கு உறுத்துவது இங்கேதான். திருத்தம் செல்லாது என்பதற்கு அமர்வு சொன்ன முதன்மையான காரணம் சட்டம் சார்ந்தது. அதைச் சொல்ல ஆனந்த் குழுவின் நில அதிர்வு ஆய்வோ வெள்ளக் கணக்கோ தேவைப்படவில்லை. 2006 ஏப்ரலில் எடுத்திருக்கக்கூடிய ஒரு சட்டக் கேள்வி, பொறியியல் ஆய்வுகளோடு கட்டப்பட்டு எட்டு ஆண்டுகள் காத்திருந்தது. அந்த எட்டு ஆண்டுகளும் அணையில் நடைமுறையில் இருந்தது, கடைசியில் செல்லாது என்று ஆன 136 அடிதான். வழக்கில் தமிழ்நாடு வென்றது. எட்டுப் பருவங்களை வென்றது கேரளத்தின் சட்டம்.

இதில் கேரள மக்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கொண்டு நூற்றாண்டுக்கு முன் எழுப்பிய அணைக்குக் கீழே இடுக்கியில் வாழ்பவருக்கு எந்தக் குழுவின் அறிக்கையும் முழு உறக்கத்தைத் தராது என்பது புரிகிறது. அணைப் பாதுகாப்புக்காகச் சட்டம் இயற்ற ஒரு மாநிலத்துக்கு அதிகாரமும் உண்டு. நிலைமை மாறிவிட்டது, புதிய ஆதாரம் கிடைத்திருக்கிறது என்றால் அதே நீதிமன்றத்துக்குப் போய் மறு ஆய்வு கேட்க வழியும் உண்டு. அந்த வழியில் போகாமல், தன் பக்கத்து வாதத்தையே அட்டவணையாக்கிச் சட்டத்தில் ஒட்டியதுதான் பிழை.

இத்தகைய சட்டத்தில் கேரளம் முன்னோடியும் அன்று. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25 அன்று, மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் வந்துசேரும்படி கர்நாடகம் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. இடைக்கால நிவாரணம் வழங்க நடுவர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதற்கு இரண்டு மாதம் முன்புதான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பங்காரப்பா தலைமையிலான கர்நாடக அரசு ஜூலை 25 அன்று, தன் பாசனப் பகுதிகளைக் காக்கும் பொறுப்பு தனக்கே என்று கூறும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. எந்த நீதிமன்றம் அல்லது நடுவர் மன்றம் என்ன சொல்லியிருந்தாலும் அச்சட்டமே மேலோங்கும் என்றது. இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22 அன்று ஐவர் அமர்வின் கருத்துரை வந்துவிட்டது: ஒரு மாநிலம் தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது, தன் எல்லைக்கு அப்பாலுள்ள மக்களின் உரிமையைத் தன் சட்டத்தால் பறிக்க முடியாது, இதை அனுமதித்தால் ஒவ்வொரு மாநிலமும் இதே வழியில் இறங்கி, அராஜகமே மிஞ்சும். கேள்வி எழுந்து விடை கிடைக்க நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அந்தக் கருத்துரையால் காவிரியில் அமைதி திரும்பவில்லை. இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானதையொட்டி அந்த டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்கள் தாக்கப்பட்டதும், உயிர்கள் போனதும், குடும்பங்கள் எல்லை தாண்டி ஓடிவந்ததும் தமிழகத்தில் மறக்கப்படவில்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீர் திறக்க உத்தரவிட்டபோதும் கர்நாடகச் சட்டமன்றம் கூடி, இருக்கும் நீர் குடிநீருக்கு மட்டுமே என்று தீர்மானம் போட்டது. ஆயினும் அது சட்டமாக வரவில்லை, தீர்மானமாகவே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவசரச் சட்டம் என்ற கதவு 1991லேயே அடைபட்டுவிட்டது. விரைவாக அடைபட்டதால்தான் அது அடைபட்டதாக இருந்தது.

பஞ்சாபில் நடந்தது இதற்கு நேர்மாறு. சட்லஜ் – யமுனை இணைப்புக் கால்வாயின் மொத்த நீளம் 214 கிலோமீட்டர். அதில் 122 பஞ்சாபிலும் 92 ஹரியாணாவிலும் வருகின்றன. ஹரியாணா தன் பகுதியை வெட்டி முடித்தது, பஞ்சாப் முடிக்கவில்லை. ஹரியாணா தொடர்ந்த அசல் வழக்கில், ஓராண்டுக்குள் முடிக்கும்படி 2002 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கியது. அதுவும் நடக்காதபோது, மத்திய அரசே தன் முகமை ஒன்றின் மூலம் பணியை முடிக்கட்டும் என்று 2004 ஜூன் 4 அன்று உத்தரவிட்டது. ஜூலை 12 அன்று பஞ்சாப் சட்டமன்றம், 1981 டிசம்பர் 31ஆம் தேதி ஒப்பந்தம் உட்பட ராவி, பியாஸ் நீர் தொடர்பான எல்லா ஒப்பந்தங்களையும் ரத்துசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பத்து நாளில் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். அதுவரை எல்லாம் 1991இல் நடந்தபடியே நடந்தது. கருத்துரை வந்ததோ 2016 நவம்பர் 10 அன்று. பன்னிரண்டு ஆண்டுகள்! 1991 காவிரிக் கருத்துரையையும் 2014 முல்லைப் பெரியாறு தீர்ப்பையும் பின்பற்றி, பஞ்சாப் சட்டம் அரசியல் சாசனத்துக்குப் புறம்பானது என்று அமர்வு சொன்னது. அதாவது, 2004இல் கேட்ட கேள்விக்கான விடையின் பெரும்பகுதி 1991லேயே எழுதப்பட்டுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் வெட்டிய பகுதி தூர்ந்துபோனது. 2016 மார்ச்சில் கால்வாய்க்காக எடுத்த நிலத்தை உடைமையாளர்களுக்கே திருப்பித்தரும் மசோதா ஒன்றையும் அதே சட்டமன்றம் நிறைவேற்றியது.

நான்கு மாதம், எட்டு ஆண்டு, பன்னிரண்டு ஆண்டு. மூன்றிலும் கேள்வி ஒன்றே, விடையும் ஒன்றே.

இந்த இடத்தில் தங்கள் வாசகர்களில் சிலர், ஜல்லிக்கட்டுக்காக நாமும் இதைத்தானே செய்தோம் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, தமிழ்நாட்டில் இதை எழுப்பாமல் கேரளத்தை மட்டும் கண்டிப்பது நேர்மையாகாது. தற்செயலாக, ஜல்லிக்கட்டைத் தடைசெய்த நாகராஜா வழக்கின் தீர்ப்பும் முல்லைப் பெரியாறு தீர்ப்பு வந்த அதே 2014 மே 7 அன்று, வேறோர் அமர்விலிருந்து வந்தது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்ற மத்தியச் சட்டத்துக்கு முரணாக இருப்பதால் தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லாது என்றது அத்தீர்ப்பு. 2017இல் சென்னை மெரினாவிலும் மாநிலம் முழுவதும் எழுந்த போராட்டத்தை அடுத்துத் தமிழ்நாடு சட்டமன்றம், அந்த மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டின் அளவில் திருத்தி, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள பொருள் என்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. நீதிமன்றம் சுட்டிய குறை எதுவோ அதை நீக்கியது. 2023 மே 18 அன்று ஐவர் அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டக் குறையைச் சட்டமன்றம் சரிசெய்யலாம், முன்தேதியிட்டும் சரிசெய்யலாம் என்பது 1969 பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கிலிருந்து நிலைபெற்ற கோட்பாடு. இரண்டு தரப்புக்கிடையே நீதிமன்றம் தீர்த்துவைத்த உரிமையை, ஒரு தரப்பு தன் சட்டமன்றத்தைக் கொண்டு மாற்றுவது வேறு. ஜல்லிக்கட்டு வழக்கில் எதிரே இன்னொரு மாநிலத்தின் பாசன உரிமை நிற்கவில்லை.

அதற்காகத் தமிழ்நாட்டுக் கைகள் முற்றிலும் சுத்தம் என்றும் சொல்வதற்கில்லை. சமச்சீர்க் கல்வியை 2011–12 கல்வியாண்டில் நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே வழிகாட்டியிருந்தபோது, 2011 மே மாதம் பதவியேற்ற புதிய அரசு அதை ஒத்திவைக்கும் திருத்தச் சட்டத்தை ஜூன் மாதம் கொண்டுவந்தது. ஜூலை 18 அன்று உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளிப் பத்து நாளில் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. பாடநூல் இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்த அந்த வாரங்களை எந்தப் பெற்றோரும் மறக்கமாட்டார்கள். ஆனால் வாரங்களிலேயே அது முடிந்தது. வகுப்பறை காத்திருக்க முடியாது என்று நீதிமன்றங்களுக்குப் புரிந்தது; வயல் காத்திருக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மைதான்.

மத்திய அரசும் இவ்வழியை அறியாததன்று. தில்லியின் அரசு அலுவலர்கள் மீதான நிர்வாக அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே என்று 2023 மே 11 அன்று ஐவர் அமர்வு சொன்னது. மே 19 அன்றே அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தில்லி முழு மாநிலம் அன்று, அங்கே நாடாளுமன்றத்துக்குத் தனி அதிகாரம் உண்டு, அத்தீர்ப்பே அதற்கு இடம் விட்டிருந்தது என்பதால் இதைப் பஞ்சாபோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன். எனினும், தோற்ற எட்டாவது நாளில் அவசரச் சட்டம் கொண்டுவரும் ஒன்றிய அரசு, மாநிலங்களுக்கு இவ்விஷயத்தில் பாடம் நடத்த முடியாது.

என் கோரிக்கை சிக்கலானதன்று. இரு அரசுகளுக்கு இடையே ஏற்கெனவே தீர்ப்போ தீர்ப்பாணையோ உள்ள ஒரு விஷயத்தில் புதிய சட்டம் ஒன்று அதற்கு எதிராக வந்து, 131ஆம் பிரிவின் கீழ் வழக்கோ 143ஆம் பிரிவின் கீழ் கருத்துக் கேட்பதோ எழுந்தால், அச்சட்டம் முந்தைய தீர்ப்பின் அடிப்படையை நீக்குகிறதா, அல்லது தீர்ப்பையே துடைக்கிறதா என்பதை முதல் எழுவினாவாக (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வியாக) தனியே பிரித்து, குறிப்பிட்ட மாதங்களுக்குள் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டும். அதுவரை நடைமுறையில் இருக்கவேண்டியது தீர்ப்பு. புதிய சட்டம் அன்று. நீர்மட்டம், பரப்பு, அளவு ஆகியவை குறித்த ஆய்வுக்குழுக்கள் பிறகு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். இதற்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. 145ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு உச்ச நீதிமன்றம் தன் விதிகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டமன்றம் இயற்றிய சட்டம் செல்லும் என்று கருதியே தொடங்கவேண்டும், அதற்கு இடைக்காலத் தடை விதிப்பது அரிதாகவே இருக்கவேண்டும் என்ற கோட்பாட்டைச் சட்டம் படித்தவர்கள் எடுத்துரைப்பார்கள். பொதுவாக அது சரியே. ஆனால் இத்தகைய வழக்கில் எதிரெதிரே நிற்பவை ஒரு சட்டமும் ஒரு குடிமகனின் மனுவும் அல்ல. ஒரு சட்டமும் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தீர்ப்பும். தீர்ப்பும் செல்லும் என்றே கருதப்படவேண்டியதுதானே? தவிர, முடியாத காரியமும் அன்று. 2016 மார்ச் 14 அன்று பஞ்சாப் நிறைவேற்றிய கால்வாய் நில மசோதா விஷயத்தில், மார்ச் 17 அன்றே நிலைமை மாறாதிருக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மூன்று நாளில் செய்ய முடிந்ததை 2004 ஜூலையிலும் 2006 மார்ச்சிலும் செய்திருக்கலாம்.

இதில் கேரளமும் நம்மோடு நிற்கக் காரணம் இருக்கிறது. தன் கடன் வாங்கும் வரம்பை ஒன்றிய அரசு சுருக்கியதை எதிர்த்து 2023 டிசம்பரில் அது 131ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடர்ந்தது. 2024 ஏப்ரலில் இடைக்கால நிவாரணம் மறுக்கப்பட்டு, வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஒரு நிதியாண்டின் கடன் வரம்பு குறித்த கேள்வி அந்த நிதியாண்டு போன பிறகு யாருக்குப் பயன்படும்? தமிழ்நாடும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் நிறுத்திவைக்கப்பட்ட சுமார் 2,291 கோடி ரூபாயைக் கேட்டு 2025 மே மாதம் அதே பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2006இல் தாமதத்தின் பலனை அனுபவித்த மாநிலமும், அதன் இழப்பைச் சுமந்த மாநிலமும் இப்படி ஒரே வரிசையில் வாதிகளாக நின்றிருக்கின்றன. அசல் வழக்குகளுக்குக் காலவரம்பும், தீர்ப்பை அழிக்கும் சட்டங்களுக்கு முதல் எழுவினாவும் வேண்டும் என்று இரு மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்களும் ஒரே கோரிக்கையில் கையொப்பமிட்டு உச்ச நீதிமன்றத்தின் முன் வைப்பதற்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை இரு அரசுகளின் சட்டத்துறைகளுக்கும் எட்டச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.